பழைய அணையை நிலநடுக்கம் தாங்கும்படி பலப்படுத்துவது: ஆய்விலிருந்து மறுபடி நீர் நிரப்புவது வரை

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரம். அதை வடிவமைத்தபோது, நிலநடுக்கத்துக்காக அணையின் எடையில் 0.05 பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1967 டிசம்பர் 11 அன்று அணைக்குள் இருந்த கருவியில் ஆற்றோட்டத் திசையில் பதிவான முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.49 பங்கு, கணக்கைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அணை நின்றது. ஆனால் கீழ்முகத்தின் (ஆறு இறங்கிப் போகும் பக்கத்து முகம்) சரிவு சட்டென்று மாறும் மட்டத்தில், முன்னும் பின்னும் கிடைமட்ட விரிசல்கள் ஓடின.

அணைகள் எங்கே வேண்டுமானாலும் உடைவதில்லை. வடிவம் மாறும் இடம், பழைய கான்கிரீட் அடுக்குகளின் இணைப்பு, அடிப்பாறையோடு சேரும் இடம், நீரில் ஊறிய தளர்மணல் என்று ஒவ்வோர் அணைக்கும் ஒன்றிரண்டு பலவீன வழிகள்தான் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் கான்கிரீட்டைக் கொட்டினால், பணம் ஓரிடத்திலும் விரிசல் வேறிடத்திலும் போய்ச் சேரும்.

முதலில் நீர்மட்டத்தை இறக்குங்கள்

ஆய்வு தொடங்கி வேலை முடிய ஆண்டுகள் பிடிக்கும். அதுவரைக்குமான பாதுகாப்பு, நீர்மட்டக் கட்டுப்பாடு. நீரின் பக்கவாட்டுத் தள்ளல் ஆழத்தின் இருமடியாகவும், கவிழ்க்கும் திருப்புமை மும்மடியாகவும் மாறுவதால், ஆழத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே தள்ளல் 19 சதவீதமும் கவிழ்ப்பு 27 சதவீதமும் குறைந்துவிடும். இதற்கு இணையான பலனைக் கான்கிரீட்டில் பெறுவது லேசான காரியமில்லை.

மண் அணையாக இருந்தால் அவசரப்படக் கூடாது. வெளியே நீர் இறங்கினாலும் கரைக்குள் இருக்கும் நீர் உடனே வடியாது. தாங்கிப் பிடித்த நீர் இல்லாமல் மேல்பக்கச் சரிவு வழுக்கிவிடும். களிமண் மிகுந்த பழைய கரைக்கு, நாளொன்றுக்கு 30 செ.மீ. அளவில் தொடங்கி, பீசோமீட்டர் (கரைக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) அளவுகள் கூடவே இறங்குகின்றனவா என்று பார்த்து வேகத்தைக் கூட்டலாம்.

அணைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பழைய வரைபடங்களை நம்பி மாதிரியமைப்புச் செய்வதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. வரைபடத்தில் கான்கிரீட் என்று இருக்கும். துளையிட்டால் நடுவில் கருங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வரும்.

கான்கிரீட், கல் அணைகளில் முகட்டிலிருந்து அடிப்பாறைக்குள் பல மீட்டர் இறங்கும்வரை 100 முதல் 150 மி.மீ. விட்டத்தில் கோர் மாதிரி (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுக்க வேண்டும். அமுக்க வலிமையை மட்டும் சோதித்துவிட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு. அமுக்கத்தால் உடைந்த ஈர்ப்பு அணையை, அதாவது தன் எடையாலேயே நீரைத் தாங்கும் அணையை, தேடித்தான் பிடிக்க வேண்டும். தேவையானவை வேறு: அடுக்கு இணைப்புகளில் எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது, அந்த இணைப்பின் இழுவை வலிமை, நேரடி வெட்டுச் சோதனையில் வரும் உராய்வுக் கோணம். துளையிடும்போதே இணைப்பு பிரிந்து வந்தால், அது இயந்திரம் முறித்ததா, முன்பே பிரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். முன்பே பிரிந்த முகத்தில் சுண்ணாம்புப் படிவோ பழுப்புக் கறையோ இருக்கும். புது முறிவு சுத்தமாக இருக்கும். துளைக்குள் கேமரா இறக்கினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மண் அணையில் எஸ்.பி.டி. (குழாயை மண்ணில் இறக்கச் சுத்தியால் எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணுவது), சி.பி.டி. (கூம்பை அழுத்தி மண்ணின் எதிர்ப்பை அளப்பது) சோதனைகளும், வெட்டு அலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை) வேக அளவீடும் வேண்டும். எஸ்.பி.டி. சுத்தியின் ஆற்றலை அளக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 60 சதவீத ஆற்றலுக்குத்தான் எல்லா அட்டவணைகளும். சுத்தி 45 சதவீதம்தான் கொடுத்தது என்றால், புத்தகத்தில் ஏறிய 20 உண்மையில் 15. துளைக்குள் நீர் மட்டம் வெளி நிலத்தடி நீருக்குக் கீழே இறங்கிவிட்டால் அடியிலிருந்து மணல் பொங்கி ஏறும். அப்போது எண் பொய்யாகக் குறையும். சரளை மண்ணில் எஸ்.பி.டி. கல்லில் முட்டி அதிகம் காட்டும். அங்கே வெட்டு அலை வேகமோ, பெரிய விட்ட பெக்கர் சுத்திச் சோதனையோதான் கைகொடுக்கும்.

எந்த நிலநடுக்கத்துக்கு?

இரண்டு நிலைகள் வைத்துக்கொள்வது வழக்கம். 145 ஆண்டு மீள்காலம் கொண்ட நிலநடுக்கத்தில், அதாவது நூறு ஆண்டில் நிகழ 50 சதவீத வாய்ப்புள்ளதில், அணை வேலை நிற்காமல் ஓட வேண்டும். சேதம் சில்லறையாக இருக்கலாம். உடைந்தால் பெரும் உயிர்ச்சேதம் நேரக்கூடிய அணைகளுக்கு இரண்டாவது நிலை 10,000 ஆண்டு மீள்காலம், அல்லது அருகிலுள்ள நிலப்பிளவு (பூமிப்பாறை உடைந்து நகரும் கோடு) தரக்கூடிய அதிகபட்ச நிலநடுக்கம். இதில் விரிசல் விழலாம், கரை அமிழலாம். நீர் மட்டும் கட்டுப்பாடில்லாமல் வெளியேறக் கூடாது.

அடித்தளத்துக்குக் குறுக்கே உயிருள்ள பிளவு ஓடுகிறதா என்பது தனிக் கேள்வி. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானின் ஷிகாங் அணைக்கு அடியிலேயே பிளவு நகர்ந்து, ஒரு பக்கம் ஏழு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக எழும்பியது. இதற்குக் கான்கிரீட் அணையில் பலப்படுத்தல் என்று எதுவும் கிடையாது. அகலமான வடிகட்டிகள் கொண்ட மண் அணைதான் ஓரளவு சமாளிக்கும்.

கணக்கு: எளிதிலிருந்து தொடங்குங்கள்

ஈர்ப்பு அணையின் இயல்பு அலைவு நேரத்தை (தானாக ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம்) ஒரு வரியில் கணக்கிடலாம்: உயரத்தை மீட்டரில் எடுத்து 0.38-ஆல் பெருக்கி, மெகாபாஸ்கலில் உள்ள மீட்சிக் குணகத்தின் (கான்கிரீட்டின் விறைப்பைச் சொல்லும் எண்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 50 மீட்டர் உயரம், 20,000 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 0.13 விநாடி. பாறைத் தளத்தில் நிலநடுக்க அதிர்வு உச்சத்தில் இருக்கும் பட்டையிலேயே இது விழுகிறது. அதனால்தான் முகட்டில் அதிர்வு பெருகி, அணையின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் விரிசல் விழுகிறது. கொய்னா மட்டுமல்ல, 1962-இல் சீனாவின் சின்ஃபெங்கியாங் அணையிலும், 1990-இல் ஈரானின் செஃபித்ரூத் அணையிலும் விரிசல் மேல்பகுதியில்தான் விழுந்தது.

நீரும் அணையோடு சேர்ந்து ஆடும். வெஸ்டர்கார்டு 1933-இல் தந்த முறைப்படி, ஒரு புள்ளியில் சேரும் நீர் நிறை, மொத்த ஆழத்தையும் அந்தப் புள்ளியின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 0.875-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு டன்னில் கிடைக்கும். 60 மீட்டர் நீர்த்தேக்கத்தில் 15 மீட்டர் ஆழத்தில் அது 26 டன். அடியில் 52 டன். முதல் கணிப்புக்கு இது போதும். விளிம்பில் தொங்கும் முடிவுகளுக்கு மட்டும் நீர், பாறை, அணை மூன்றையும் சேர்த்த நேர வரலாற்று ஆய்வுக்கு (நடுக்கத்தின் ஒவ்வொரு கணத்தையும் கணக்கிடுவது) போகலாம்.

ஒரு கணம் பாதுகாப்புக் கெழு (தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தது) 1-க்குக் கீழே போவது தோல்வி ஆகாது. அந்தக் கணத்தில் அணை சில மில்லிமீட்டர் நகரும், அடுத்த கணம் நின்றுவிடும். கேட்க வேண்டியவை இரண்டு: மொத்தம் எவ்வளவு நகர்ந்தது, விரிசல் விழுந்த அணை அதே இரவில் முழு நீரையும் அடிநீர் அழுத்தத்தையும் தாங்குமா? இரண்டாவது கேள்வியில் தோற்கும் அணைகள்தான் அதிகம்.

வடிகால் துளைகள்: மலிவான வேலை, பெரிய பலன்

அணைக்கு அடியில் புகும் நீர் அதை மேலே தூக்கும். 50 மீட்டர் உயரம், 40 மீட்டர் அடியகலம் கொண்ட கான்கிரீட் அணையின் எடை, முக்கோண வெட்டாக எடுத்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 24,000 கிலோநியூட்டன். முகடு வரை நீர் நின்று, வடிகால்கள் அடைபட்டிருந்தால் அடிநீரின் தூக்கும் விசை 9,800 கிலோநியூட்டன். மேல்முகத்திலிருந்து 4 மீட்டரில் வடிகால் வரிசை ஒழுங்காக வேலை செய்து, அங்கே அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், அது 4,250 ஆகிவிடும். லாபம் 5,500-க்கும் மேல். அடுத்த பகுதியில் வரும் கேபிள் ஆங்கர் அதே ஒரு மீட்டருக்குத் தருவது 1,000 கிலோநியூட்டன் அளவுதான். வடிகாலைப் பார்க்காமல் ஆங்கருக்கு டெண்டர் விடுவது எவ்வளவு தலைகீழான வேலை என்று இதிலேயே தெரியும்.

பழைய துளைகளில் சுண்ணாம்புப் படிவு கல்லாக இறுகியிருக்கும். உயரழுத்த நீர்ப்பீச்சில் போகாவிட்டால் மறுபடி துளையிட வேண்டும். புதிதாகப் போடுவதானால் கேலரியிலிருந்து (அணைக்குள் ஓடும் நடைவழி) 75 மி.மீ. விட்டம், 3 மீட்டர் இடைவெளி. கேலரியே இல்லாத பழைய அணைகளில் முகட்டிலிருந்து இறக்கலாம். அதைச் சுத்தம் செய்ய வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை வரிசையில் ஒரு கண்டிப்பு உண்டு. கிரவுட்டிங் (விரிசல்களுக்குள் சிமென்ட் பால் செலுத்தி அடைப்பது) முதலில், ஆங்கர் அடுத்து, வடிகால் துளை கடைசியில். வரிசை மாறினால், அழுத்தத்தில் செலுத்தும் சிமென்ட் பால் புதிய வடிகால்களுக்குள் போய் உறைந்துவிடும். சுண்ணாம்புக் கலவை அணையில் கிரவுட் அழுத்தத்தையும் குறைவாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைக்கப் போன இடத்திலேயே புதுப் பிளவு உண்டாகும்.

கேபிள் ஆங்கர்

முகட்டிலிருந்து துளையிட்டு, எஃகுக் கேபிள்களைப் பாறைக்குள் ஊன்றி இழுத்துப் பூட்டுவது. 1934-இல் அல்ஜீரியாவின் ஷேர்ஃபா அணையில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே கோய்ன் செய்துகாட்டிய முறை. 1895-இல் முடிந்த, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்துக் கட்டிய முல்லைப்பெரியாறு அணையிலும், பின்னாளில் மேலே கான்கிரீட் மூடி, கேபிள் ஆங்கர், கீழ்ப்பக்கம் கான்கிரீட் அணைப்பு மூன்றும் சேர்க்கப்பட்டன.

அளவுகளைப் பார்ப்போம். 15.2 மி.மீ. இழைக் கம்பி ஒன்றின் அறுபடு விசை சுமார் 260 கிலோநியூட்டன். 19 கம்பிகள் சேர்ந்த ஆங்கருக்கு 4,950. வடிவமைப்பு விசை அதில் 60 சதவீதம், அதாவது 2,970. சோதனை விசை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 மீட்டருக்கு ஒன்று வைத்தால் மீட்டருக்கு 990 கிலோநியூட்டன். 200 மி.மீ. துளையில், நல்ல பாறையில் ஒட்டு வலிமையை 1 மெகாபாஸ்கல் என்று எடுத்தால் 4.7 மீட்டர் ஒட்டு நீளம் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் தனியாக, ஆங்கரோடு பெயர்ந்து வரக்கூடிய பாறைக் கூம்பின் எடையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆழத்தை முடிவு செய்வது அந்தக் கூம்புதான். பக்கத்துப் பக்கத்து ஆங்கர்களின் அடிகள் ஒரே மட்டத்தில் முடிந்தால், அந்த மட்டத்தில் பாறையே கிடைமட்டமாகப் பிளக்கலாம். ஒன்றுவிட்டு ஒன்றை ஆழமாக்குங்கள்.

தளத்தில் கவனிக்க வேண்டியவை:

- துளை சாய்வு நூற்றுக்கு ஒன்றுக்குள். 60 மீட்டர் துளை 60 செ.மீ. விலகினாலே கேலரியை இடிக்கும் அபாயம் உண்டு. பத்து மீட்டருக்கு ஒருமுறை அளந்துகொண்டே இறங்க வேண்டும்.
- துளையை நீரால் நிரப்பிச் சோதியுங்கள். நீர் ஓடினால் கிரவுட் செய்து மறுபடி துளையிட வேண்டும். இதைத் தாண்டிப்போனால், ஒட்டவேண்டிய சிமென்ட் பால் பாறைப் பிளவுக்குள் ஓடிவிடும்.
- நெளி பிளாஸ்டிக் உறை முழு நீளத்துக்கும். இழுபடும் பகுதியில் ஒவ்வொரு கம்பிக்கும் கிரீஸும் தனி உறையும். ஆங்கர் தலைக்குக் கீழே உள்ள அரை மீட்டர்தான் முதலில் துருப்பிடிக்கும் இடம். அங்கே வெற்றிடம் விடக் கூடாது.
- சோதனை விசையில் 1-ஆம் நிமிடத்திலிருந்து 10-ஆம் நிமிடம் வரை நகர்வு 1 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் 60 நிமிடம் வரை பிடித்துப் பாருங்கள்; 6-லிருந்து 60-க்குள் 2 மி.மீ. தாண்டினால் அந்த ஆங்கர் தேறவில்லை.

பழைய கல் கட்டுமானத்தின் மேல் நேரே ஆங்கர் தலையை உட்கார வைக்க முடியாது. 2,970 கிலோநியூட்டனை 1.2 மீட்டர் சதுரப் பலகையில் பரப்பினாலும் 2 மெகாபாஸ்கல் வருகிறது. சுண்ணாம்புக் கலவைக்கு அது அதிகம். முகடு நெடுக இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் மூடி தேவைப்படுவது இதனால்தான். சில ஆங்கர்களிலாவது சுமைமானி வைத்து, மறுபடி இழுத்துப் பார்க்கும் வசதியோடு விடுங்கள். முழுக்க மூடிவிட்ட ஆங்கரில் இருபது ஆண்டு கழித்து எவ்வளவு இழுவை மிச்சம் என்று அறிய வழியே இருக்காது.

கீழ்ப்பக்கக் கான்கிரீட் அணைப்பு

ஆங்கரால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு எடை குறைந்தால், கீழ்முகத்தில் கான்கிரீட் சேர்த்து அணையையே தடிப்பாக்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது ஊற்றுவது முக்கியம். முழு நீரோடு ஊற்றினால் அன்றைய சுமை முழுவதும் பழைய உடம்பிலேயே தங்கிவிடும். புதுக் கான்கிரீட் அதற்குப் பிறகு வரும் சுமையில் மட்டும் பங்கெடுக்கும்.

உளுத்த மேற்பரப்பை உயரழுத்த நீரால் கல் வெளிப்படும்வரை எடுத்துவிட்டு, 25 முதல் 32 மி.மீ. கம்பிகளை 1.5 மீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். ஒரே மூச்சில் 1.5 மீட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம்; அடுக்குகளுக்கிடையே மூன்று நாளாவது விடுங்கள்; ஐஸ் கலந்து குளிர்வித்த கான்கிரீட் போடுங்கள். சூடாகிப் பின் சுருங்கும் புதுக் கான்கிரீட், சுருங்காத பழைய சுவரிலிருந்து உரிந்துவிடும் என்பதே இதில் பெரிய ஆபத்து. இணைப்பு முகத்தில் செங்குத்து வடிகால்களும் வேண்டும். இதுவரை கீழ்முகம் வழியே கசிந்து வெளியேறிய நீருக்கு நீங்கள் கதவை அடைக்கிறீர்கள்; போக வழி தராவிட்டால் இரண்டுக்கும் நடுவே அழுத்தமாகச் சேரும்.

கொய்னாவில் விரிசல்களை எபாக்ஸியால் அடைத்து, முன்தகைவுக் கேபிள் போட்டு, பின்னர் நீர் வழியாத பகுதிகளின் கீழ்முகத்தில் முட்டுத் தூண்கள் சேர்த்தார்கள். சரிவு சட்டென்று மாறும் எந்த அணையிலும் அந்த முறிவை மழுக்குவதும், முகட்டில் தேவையில்லாத பாரத்தைக் குறைப்பதும் சேர்த்துச் செய்யத்தக்கவை.

வளைவு அணைகளில் அணையைவிட அதன் தோள் பாறைதான் கவலை. கலிஃபோர்னியாவின் பகோய்மா அணையில் 1971-க்குப் பின் இடது கரைப் பாறையைக் கேபிள்களால் கட்டினார்கள்; 1994-இல் மறுபடி அதே பக்க இணைப்பு சுமார் 5 செ.மீ. திறந்தது.

மண் அணை: வேறு நோய், வேறு மருந்து

1971 பிப்ரவரி 9, லோயர் சான் ஃபெர்னாண்டோ அணை. மணலை நீரில் கரைத்துப் பாய்ச்சி நிரப்பிய கரை. நடுக்கம் ஓய்ந்து அரை நிமிடம் ஆன பிறகுதான் மேல்பக்கச் சரிவு முகட்டையும் இழுத்துக்கொண்டு நீருக்குள் இறங்கியது. மிஞ்சிய விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 1.5 மீட்டர். கீழே இருந்த 80,000 பேரை வெளியேற்றினார்கள். மணல் குழம்பாகிவிட்டால், கரையின் சொந்த எடையே அதைச் சரிக்கப் போதும்.

கரை அடிவாரச் சமதரையில் 6 மீட்டர் ஆழத்து மணல், நீர்மட்டம் தரையோடு, அதிர்வு புவியீர்ப்பில் 0.3 பங்கு என்று வையுங்கள். சுழற்சி அழுத்த விகிதம் (அதிர்வு மணலை எவ்வளவு உலுக்குகிறது என்பதன் அளவு) 0.38 வரும். 7.5 அளவு நிலநடுக்கத்தில், சுத்தமான மணல் இதைத் தாங்கத் திருத்திய எஸ்.பி.டி. எண் 30-ஐ நெருங்க வேண்டும். பழைய ஆற்றுப் படுகைகளில் 8, 10, 12 என்று வருவது சகஜம்.

தீர்வுகளில் ஆழம் தான் தேர்வை முடிவு செய்யும். எடையைத் தூக்கிப் போட்டு இறுக்கும் முறை எட்டும் ஆழம், எடையையும் உயரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாதியாக்கினால் கிடைக்கும்: 30 டன், 30 மீட்டர் என்றால் 15 மீட்டர். அதுவும் நல்ல மண்ணில்தான். கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் நீர்த்தேக்கத்தில் உள்ள மார்மன் ஐலண்ட் துணை அணையில் இப்படி இறுக்கியது முழு ஆழத்துக்கு எட்டவில்லை. பிறகு செய்துபார்த்த ஜெட் கிரவுட்டிங்கும் (மண்ணுக்குள் உயரழுத்தத்தில் சிமென்ட் பால் பீச்சுவது) திருப்தி தராமல், கடைசியில் மண்ணைத் தோண்டி எடுத்துக் கான்கிரீட் நிரப்பினார்கள்.

கல் தூண் முறைக்கு (மண்ணுக்குள் கல் தூண்கள் இறக்கி இறுக்குவது) 1 மீட்டர் விட்டம், 1.5 முதல் 3 மீட்டர் இடைவெளி. நுண்துகள் 15 சதவீதத்தைத் தாண்டினால் இறுக்கம் வராது. வண்டல் கலந்த மண்ணுக்குச் சிமென்டை ஆழத்தில் கலக்கும் முறை பொருந்தும். தனித்தனித் தூண்களாகப் போட்டால் வளைந்து முறியும். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சுவர்களாக, கட்டம் கட்டமாகப் போட வேண்டும். கோர் எடுத்துப் பார்க்காமல் எந்தத் தூணையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கலக்கும் தண்டை வேகமாக இழுத்தால் நடுவில் கலக்காத மண் கட்டி நிற்கும்.

இதற்குப் பிறகுதான் அடிவாரத்தில் பாரக் கரை (சரிவு வழுக்காமல் அழுத்திப் பிடிக்கும் மேடு). சீர்செய்யாத தளர்மணல் மேல் பாரக் கரை போட்டால், அதுவும் சேர்ந்து வழுக்கும். நடுக்கத்துக்குப் பிந்தைய பாதுகாப்புக் கெழு 1.2-க்குக் குறையாமலும், அமிழ்வு போக மீதிக் கரை உயரம் அலைக்குப் போதுமானதாகவும் பாருங்கள்.

கரையில் குறுக்கு விரிசல் விழத்தான் செய்யும், முக்கியமாகக் கான்கிரீட் சுவரோடு சேரும் இடத்தில். விரிசலுக்குள் ஓடும் நீர் மண்ணை அள்ளிப்போகாமல் தடுப்பது கீழ்ப்பக்க மணல் வடிகட்டி. களிமண்ணுக்கு, வடிகட்டி மணலின் 15 சதவீத அளவு (எடையில் 15 சதவீதம் அதைவிடச் சிறிதாக இருக்கும் துகள் அளவு), கரை மண்ணின் 85 சதவீத அளவைப் போல 9 மடங்குக்கு மேல் போகக் கூடாது. நுண்துகள் 5 சதவீதத்துக்குள். மணல் தானே சரிந்து விரிசலை நிரப்ப வேண்டும். களி கலந்த மணல் விரிசலோடு விறைப்பாக நிற்கும், அது வடிகட்டியே இல்லை. வடிகட்டியை முகடு வரை ஏற்றுங்கள். பல பழைய அணைகளில் அது பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது, விரிசலோ மேலிருந்து தொடங்குகிறது.

மதகு, ஷட்டர், மின்சாரம்

நடுக்கம் முடிந்ததும் நீரை இறக்க முடிய வேண்டும். உட்கொள் கோபுரம் ஒல்லியாக நிற்பதால் அணையைவிட மோசமாக ஆடும். அதற்குப் போகும் பாலத்தின் இருக்கை அகலம், கோபுர அடியின் கம்பி இணைப்பு இரண்டையும் பாருங்கள். ஷட்டர் தூண்கள் ஓடையின் குறுக்குத் திசையில் மெலிந்தவை. அவை சாய்ந்தால் ஷட்டர் இறுகிக்கொள்ளும். ஜெனரேட்டர், பேட்டரி அலமாரி, டீசல் தொட்டி மூன்றையும் தரையோடு போல்ட் போடுங்கள். கைப்பிடியால் ஷட்டர் தூக்க எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று ஒத்திகை பார்த்து எழுதி வையுங்கள்.

மறுபடி நீர் நிரப்புதல்

படிப்படியாக: ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு வாரம் நிறுத்தி அளவெடுத்து, மேல் பகுதியில் இன்னும் மெதுவாக. கசிவை 90 பாகை வி-நாட்சில் (V வடிவ வெட்டுள்ள அளவுப் பலகை) அளந்து பாருங்கள்: 10 செ.மீ. தலைநீர் (வெட்டின் அடிக்கு மேல் நீரின் உயரம்) என்றால் விநாடிக்கு 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 25 லிட்டர். நீர்மட்டம் நிலையாக இருந்தும் கசிவு ஏறினாலோ கலங்கினாலோ நிரப்புவதை நிறுத்துங்கள். வடிகால் நீர் திடீரென்று குறைவதும் நல்ல செய்தியல்ல. அடைப்பு விழுந்திருக்கலாம், பக்கத்துப் பீசோமீட்டர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அதிர்வுமானிகள் அடித்தளம், முகடு, கரைப் பாறை, அணையிலிருந்து விலகிய தரை என நான்கு இடத்திலாவது வேண்டும். எந்த அளவு அதிர்வுக்கு யார் இறங்கிப் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். முதல் சுற்றில் முகடு, கீழ்முகம், கேலரி, வி-நாட்ச், மதகு அறை. அடுத்த சில வாரங்களுக்கு அதே சுற்று தொடர வேண்டும், ஏனென்றால் மண் கரையில் அழுத்தம் மெதுவாகப் பரவும், உள்ளரிப்பு நாட்கள் கழித்துத்தான் கலங்கல் நீராக வெளியே தெரியும்.